ஓடுதா, நிக்குதா

பம்பரம் என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வராது. கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டாள். பெயர் வந்த கதை அந்த நடனப் பள்ளியில் படித்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆண்டு விழாவின் கடைசி ஆட்டத்தில் ஒரு சுழற்சி உண்டு. சுற்றிவிட்டு நிற்க வேண்டும். அவள் சுற்றினாள், நிற்கத்தான் இல்லை. சுற்றிய வாக்கிலேயே மேடையை விட்டு இறங்கி, முன்வரிசையில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினரின் மடியில் போய் உட்கார்ந்தாள். அவர் பண்பான மனிதர். "சௌகரியமா இருக்காம்மா?" என்று கேட்டார். அதற்கு அரங்கம் சிரித்த சிரிப்பைக் கேட்டவள் அன்றோடு ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டாள்.

அவள் விட்டாலும் ஆட்டம் அவளை விடுவதாக இல்லை. மேடைக்குப் பயந்தவள் கேமராவைத் தூக்கிக்கொண்டாள். கேமராவுக்குப் பின்னால் இருப்பவளை எவரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் அதிலிருந்த பெரிய சுகம். சொந்தமாக நடனப் படங்கள் எடுத்தாள். அவற்றை அவள் கணவனும், கணவனின் தங்கையும், ஆடியவர்களின் அம்மாக்களும் பார்த்தார்கள். அம்மாக்களில் சிலர் தலைசுற்றுகிறது என்று பாதியில் எழுந்து போனார்கள். பிழைப்புக்கு ஆவணப் படங்கள் எடுத்தாள். பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை, பல் மருத்துவக் கல்லூரி, லிப்ட் பழுதுபார்க்கிறவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் போனாள். எதை எடுத்தாலும் அதற்குள் ஆட்டம் நுழைந்துவிடும். பம்பு முதலாளி படத்தைப் பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"ஏம்மா, எங்க ஆளுங்க எல்லாம் ஆடுற மாதிரியே இருக்கே?"

"அவங்க வேலை செய்றதே அப்படித்தாங்க. நான் ஒண்ணும் பண்ணல."

அன்று முதல் முதலாளி தொழிற்சாலைக்குள் கொஞ்சம் கவனமாக நடக்கத் தொடங்கினார் என்று கேள்வி.

படமெடுக்கிற முறையிலும் அவள் தனி ரகம். கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்க மாட்டாள். வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு நடுவே புகுந்து, அவர்கள் சுற்றினால் தானும் சுற்றுவாள். கண்ணால் எடுத்தால் கண் மட்டும்தான் ஆடும், வயிற்றால் எடுத்தால் மொத்த உடம்பும் ஆடும் என்பது அவள் கட்சி. பேட்டரி வீணாகிறது என்று திரையை மடக்கி மூடிவிடுவாள். பொத்தானை அழுத்தும்போது வருகிற 'பீப்' சத்தம் தாளத்தைக் கெடுக்கிறது என்று அதையும் நிறுத்தியிருந்தாள். ஓடும்போது எரிகிற சிவப்பு விளக்கு ஒத்திகை அறைக் கண்ணாடிகளில் எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததால் அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டாள். ஆக, ஓடுகிறேன் என்றோ நிற்கிறேன் என்றோ சொல்ல அந்தக் கேமராவுக்கு வாயே இல்லாமல் செய்திருந்தாள். எடுத்ததை அங்கேயே போட்டுப் பார்க்கிற வழக்கமும் கிடையாது. பார்த்தால் அடுத்ததும் அதே மாதிரி வந்துவிடுமாம்.

இப்படி இருந்தவளுக்கு ஒருநாள் போன் வந்தது. ஆவணப் படங்களை மட்டும் காட்டுகிற ஒரு சின்ன அரங்கத்தை நடத்துகிற அம்மா பேசினார். அரங்கத்தில் பம்பு கெட்டுப்போய், புதிது வாங்கப் போன இடத்தில் அந்தத் தொழிற்சாலைப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

"பம்பு நான் வாங்கலம்மா. ஆனா அந்தப் படத்துல எல்லாரும் ஆடுறாங்க இல்ல? வேணும்னே செஞ்சதுதானே?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியைச் சந்தோஷமாகக் கேட்ட முதல் ஆள் இவர்தான். அடுத்த மாதம் அரங்கத்தின் விழா தொடங்குகிறது, தொடக்கப் படமாகப் போட உன்னுடைய நடனப் படம் ஏதாவது புதிதாக இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருக்கிறது என்று பம்பரம் வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். இல்லை. போனை வைத்துவிட்டுத் தலைகால் புரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

அவள் கணவன் கணக்கு வாத்தியார். எந்தச் செய்தியையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் முகத்தில் காட்டுவார். "ஆடுறது யாரு?" என்றார்.

"வேற யாரு, உங்க தங்கச்சிதான்."

நாத்தனாரும் பம்பரமும் அதே நடனப் பள்ளியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடியவர்கள். மடியில் உட்கார்ந்த சம்பவத்துக்கு மறுநாளே, அழுதுகொண்டிருந்த தோழியைத் தன் வீட்டுக்கு இழுத்துப்போய், கணக்கு போட்டுக்கொண்டிருந்த அண்ணனைக் காட்டியவள் நாத்தனார்தான். அதனால் இருவருக்கும் நடுவே மரியாதை ஒரு மாதிரியாகப் புழங்கும். சாதாரண நாளில் 'வாடி, போடி'. கோபம் வந்தால் மட்டும் 'அண்ணி, நீங்க'. மரியாதை கூடக் கூட ஆபத்து என்று பொருள்.

அந்த நாத்தனாருக்கு முழங்கால் போய்க்கொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு நடக்கலாம், படியேறலாம், குதித்து ஆடுவது மட்டும் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "அதுக்கு முன்னாடி ஒரு தடவ எடுத்துடுடீ. நான் ஆடினேன்னு காட்ட ஒண்ணாவது உருப்படியா வேணும்" என்றாள். பம்பரம் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

இடம் கிடைத்ததே ஒரு கூத்து. பொது நீச்சல் குளத்தை வருஷத்துக்கு ஒரு தரம் காலி செய்து ஓடுகளைத் தேய்த்துக் கழுவுவார்கள். அந்த நீல ஓடு பதித்த காலிக் குளத்தில் ஒரு கைதட்டினால் நாலு திரும்பி வரும். தனியாகத் தாளக்காரர் வேண்டியதில்லை. மேனேஜர் மீசையை நீவிக்கொண்டு சம்மதித்தார்.

"காலையில வந்து ஆடிக்கங்க. மத்தியானம் தண்ணி திறப்பேன். திறந்தா திறந்ததுதான், அப்புறம் நடுவுல நிறுத்தச் சொல்லிக் கெஞ்சக் கூடாது."

அந்தக் காலை அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலை. நாத்தனாரும் அவளுடைய குழுப் பெண்களும் ஏணி வழியாகக் குளத்துக்குள் இறங்கினார்கள். கணக்கு வாத்தியார் வெயிலை முகங்களில் திருப்பிவிட வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு இடிச்ச புளி மாதிரி நின்றார். பம்பரம் கேமராவை வயிற்றில் கட்டிக்கொண்டு பொத்தானை அழுத்துவாள், சுற்றுவாள், ஆட்டம் முடிந்ததும் மறுபடி அழுத்துவாள். நடுநடுவே கேமராவைக் குளத்துப் படியில் வைத்துவிட்டு, எப்படி வர வேண்டும் என்று பெண்களுக்கு ஆடிக் காட்டுவாள். எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு தரம் பொத்தானை அழுத்தி, கேமராவைக் குதிக்கும் பலகையின் நுனியில் வைத்துவிட்டு விரிப்பை மடிக்கப் போனாள். அதற்குள் மேனேஜர் எல்லாரையும் தன் அறைக்கு டீ குடிக்கக் கூப்பிட்டார். நாத்தனார் மட்டும் தலை கிளிப்பை உள்ளே விட்டுவிட்டேன் என்று திரும்பிப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. டீ நன்றாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, முதல் துண்டைப் போட்டாள். ஏணியின் கம்பிகள் தலைகீழாகத் தெரிந்தன. பிறகு நீல ஓடுகள். பிறகு ஒரு செருப்பு. பிறகு அவளுடைய குரல், "எல்லாரும் ரெடியா? எடுக்கறேன்." அதோடு துண்டு முடிந்துவிட்டது.

இரண்டாவது துண்டு ஒரு கிறுகிறுப்பில் தொடங்கி, பெண்கள் தரையில் மல்லாந்து மூச்சு வாங்குவதில் நின்றது. ஒருத்தி ஊக்கு கேட்டாள், இன்னொருத்தி போன தடவை வாங்கின ஊக்கையே தரவில்லை என்றாள். அதன்பேரில் ஒரு சின்னச் சண்டை. பிறகு, "ரெடியா? எடுக்கறேன்." முடிந்தது.

பம்பரத்துக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் ஏணியில் இறங்கும்போதே பொத்தான் கம்பியில் இடித்து கேமரா ஓடத் தொடங்கியிருக்கிறது. அதன்பின் அவள் ஓடவிட்டபோதெல்லாம் நின்றது, நிறுத்தியபோதெல்லாம் ஓடியது. ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருந்தன. மேனேஜர் குதிக்கும் பலகையில் ஏறி, தண்ணீரில்லாத குளத்தைப் பார்த்துப் பாய்வது போலப் பாவனை காட்டிவிட்டு வெட்கத்தோடு இறங்குவதுகூட இருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த அறையிலிருந்து கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கா?" என்றார். அவள் சிரித்துக்கொண்டே அழத் தொடங்கியதும் அவருக்குக் கணக்கு புரிந்துவிட்டது.

அடுத்த துண்டைப் போட்டதும் சிரிப்பும் நின்றது, அழுகையும் நின்றது. படியில் வைத்த கேமரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆடிக் காட்டுகிறேன் என்று தொடங்கியவள், பெண்கள் உட்கார்ந்து பார்க்க, முழு ஆட்டத்தையும் ஆடிக்கொண்டிருந்தாள். கை தாறுமாறு, முடி கண்ணை மறைக்கிறது, சட்டை ஒரு பக்கம் ஏறிக் கிடக்கிறது, முகத்தில் அப்படி ஒரு இளிப்பு. சுற்றிச் சுற்றி குளத்துச் சுவரில் மோதி நின்று, ஒன்றும் நடக்காதது போல மறுபடி சுற்றினாள். அவள் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். மிச்சத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

"தங்கச்சிகிட்ட ஆபரேஷன் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாமே" என்றார் கணக்கு வாத்தியார். நல்ல யோசனைதான். ஆனால் பம்பரத்தின் வயிற்றில் எதுவும் தங்காது. அதற்குள் நாத்தனாரே போன் செய்து எப்படி வந்திருக்கிறது என்று கேட்க, "நினைச்ச மாதிரி இல்ல, வேற மாதிரி வந்திருக்கு" என்று மென்று முழுங்கிவிட்டு, மறுநாள் காலையில் லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு போய் நின்றாள்.

நாத்தனார் காலை நாற்காலியில் நீட்டி, முழங்காலில் ஐஸ் பை வைத்துக்கொண்டிருந்தாள். பம்பரம் உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"நீங்க சொல்றது எனக்குச் சரியா விளங்கல, அண்ணி" என்றாள் நாத்தனார், மெதுவாக. "நான் ஆடினது ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல."

"அந்தக் கேமராவுல ஒரு லைட் இருக்குமே, அண்ணி. செவப்பா. அது எதுக்கு இருக்குன்னு நீங்க யோசிச்சதே இல்லையா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, என்னதான் இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். இருவரும் பார்த்தார்கள். ஊக்குச் சண்டை வந்தபோது நாத்தனாரின் வாயோரம் துடித்தது. மேனேஜர் பலகையில் ஏறியபோது ஐஸ் பை நழுவி விழுந்தது. பம்பரத்தின் ஆட்டம் வந்ததும், அவள் அவசரமாகத் தள்ளிவிடப் பார்த்தாள். நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. பாக்கணும்."

முழுதும் பார்த்தாள். கடைசித் துண்டுக்கு வந்தார்கள். அதை இருவருமே பார்த்ததில்லை.

குதிக்கும் பலகையின் நுனியிலிருந்து குளம் முழுதும் கீழே விரிந்திருந்தது. ஆழமான பக்கத்தில் தண்ணீர் மெல்லிசாகப் பரவிக்கொண்டிருந்தது. நாத்தனார் ஏணியில் இறங்கி வந்தாள். கிளிப்பைத் தேடவே இல்லை. அது தலையில்தான் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கணுக்கால் தண்ணீரில் நின்று, கையைத் தூக்கினாள். காலையில் எல்லார் முன்னாலும் முழங்காலைக் காப்பாற்றிக் காப்பாற்றி ஆடியவள், இப்போது ஒன்றையும் விடாமல் ஆடினாள். தாழ உட்கார்ந்தாள், தாவினாள், காலடியில் தண்ணீர் தெறித்து அவள் தலைக்கு மேலே போனது. நடுவில் ஒரு தாவலில் முழங்கால் மடங்கி, தொப்பென்று விழுந்தாள். தண்ணீரில் உட்கார்ந்தபடி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு எழுந்து, விட்ட இடத்திலிருந்து ஆடி முடித்தாள். அவள் ஏணியில் ஏறிப் போன பிறகும் தண்ணீர் நீலத்தின்மேல் ஏறிக்கொண்டே இருந்தது, பேட்டரி தீரும் வரை.

பம்பரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் எடுத்ததிலேயே நல்ல காட்சி, அவள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எடுத்தது. அதை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"இது யாருக்காகவும் ஆடினது இல்ல" என்றாள் நாத்தனார். "எல்லார் முன்னாடியும் விழுந்துட்டா என்ன பண்றதுன்னு பாதிதான் ஆடினேன். மனசு கேக்கல. அதான் திரும்பிப் போனேன்."

"நீ வேணாம்னா போட மாட்டேன். அரங்கத்து அம்மாகிட்ட படமே இல்லன்னு சொல்லிடறேன்."

நாத்தனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே விழுந்த ஐஸ் பையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"போடு" என்றாள். "விழுந்ததையும் சேத்துப் போடு. ஆனா ஒண்ணு. நான் விழுந்தது வரணும்னா நீ ஆடினதும் வரணும். ஒரு துளி வெட்டினாலும் என்னோடது கிடையாது."

"ஐயோ, என்னோடது கண்றாவியா இருக்குடீ."

"இருக்கட்டும். நான் மட்டும் என்ன, தேவதை மாதிரியா விழுந்தேன்?"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது என்று கவனித்தபோது பம்பரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து நாத்தனாரின் நல்ல காலைக் கட்டிக்கொண்டாள்.

விழாவன்று அரங்கம் நிறைந்திருந்தது. பாதிக் கூட்டம் மேனேஜரின் சொந்தக்காரர்கள். தான் பலகையில் ஏறியது படத்தில் வருகிறது என்று தெரிந்ததும் குடும்பத்தையே திரட்டி வந்திருந்தார். பம்பு முதலாளியும் வந்திருந்தார். நாத்தனார் அறுவைச் சிகிச்சை முடிந்து, கைத்தடியோடு, எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஊக்குச் சண்டைக்கே சிரிப்பு தொடங்கியது. மேனேஜர் பாயாமல் இறங்கியபோது அவருடைய மனைவி, "வீட்லயும் இப்படித்தான்" என்று சொன்னது கடைசி வரிசை வரை கேட்டது. பம்பரத்தின் ஆட்டம் பெரிய திரையில் வந்தபோது அவள் இருக்கைக்கு அடியில் போய்விடப் பார்த்தாள். நாத்தனார் மணிக்கட்டை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தாள். அரங்கம் சிரித்தது. அன்று விருந்தினர் மடியில் உட்கார்ந்தபோது கேட்ட அதே சிரிப்புதான், ஆனால் இந்தத் தடவை அவளுக்கும் சேர்ந்து சிரிக்க வந்தது. அது எப்படி என்று அவளுக்கே பிடிபடவில்லை.

தண்ணீரில் நாத்தனார் விழுந்தபோது மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. எழுந்து ஆடியபோது, படம் முடியும் முன்பே கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். பம்பு முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம், "அந்தத் தண்ணி எங்க பம்புல வர்றதுதான்" என்றார். உண்மையா பொய்யா, தெரியாது.

எல்லாரும் கலைந்த பிறகு, அரங்கத்து அம்மா வாசலில் விருந்தினர்களை வழியனுப்பிக்கொண்டிருந்தார். உள்ளே மேடை விளக்கு அணையாமல் இருந்தது. நாத்தனார் தடியை ஊன்றி மேடையேறினாள். பம்பரம் கேமராவோடு பின்னாலேயே போனாள். தடியோடு நிற்கிற தோழியை எடுக்க வேண்டும் என்று ஆசை. கண்ணில் வைக்காமல், பழக்கம் விடாமல், வயிற்றில் வைத்தே பொத்தானை அழுத்தினாள். பிறகு சந்தேகம் வந்து மறுபடி அழுத்தினாள். முதல் தடவை சரியாக விழுந்ததா என்று இன்னொரு தரம். கறுப்பு டேப் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

நாத்தனார் கேமராவைப் பிடுங்கி, மேடையோரம் இருந்த நாற்காலியில் வைத்தாள்.

"இப்ப ஓடுதா, நிக்குதா?"

"தெரியல."

"அப்போ ஆடுடீ."

பம்பரம் மேடையின் விளிம்பைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். நாத்தனார் தடியால் தரையைத் தட்டித் தாளம் போடத் தொடங்க, அவள் சுற்றத் தொடங்கினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் அவசரமாக எழுந்து, நடைபாதையில் ஓட்டமும் நடையுமாக வந்து, முன்வரிசையின் நடு இருக்கையில் மடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.